சீர் கொண்டு வந்த அண்ணனுக்குத் தெரியாத வீடு

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தைரியம் என்று நினைக்க வேண்டாம், அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்காது. தறிப்பட்டறையில் பதினாறு வருடமாகத் தார் சுற்றுகிறேன், அதாவது நூலைக் குச்சியில் சுற்றித் தறி ஓட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் வேலை. மத்தியானச் சோற்று நேரத்தில் அங்கே ஆளுக்கொரு பேய்க்கதை சொல்வார்கள், நான் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமர நிழலுக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்ட என்னைத்தான் இப்போது பட்டறையில் "கேம் பொம்மைக்குப் பயந்தவ" என்று கேலி பேசுகிறார்கள். நான் பயப்படவே இல்லை. எனக்கு வந்தது கோபம், இன்றைக்கும் கோபம்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு விளக்கம் மட்டும் சொல்ல வராதீர்கள், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

என் பெயர் சரசு, வயது நாற்பத்தேழு. பத்தாவது வரை படித்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை, வருடத்தில் பாதிக்கு மேல் மத்தியப் பிரதேசத்தில்தான் இருப்பார். ஒரே மகள் நந்தினி நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எனக்குச் சின்ன வயதில் இருந்தே கூச்சம் அதிகம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சத்தமாகச் சொல்லக் கூசி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூச்சத்தால்தான் எனக்கும் என் அண்ணனுக்கும் ஒன்பது வருடம் பேச்சில்லாமல் போனது. நந்தினி பெரிய பெண் ஆனபோது தாய்மாமன் சீருக்கு நான் நேரில் போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்க வேண்டும். அண்ணன் வீட்டில் அன்றைக்கு விருந்தாளிகள் கூட்டம் என்று கேள்விப்பட்டேன், அத்தனை பேர் முன்னால் போய் நிற்கக் கூசிக்கொண்டு பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். "கூடப் பொறந்தவளுக்கு என்ற ஊட்டுக்கு வரக் காலு நோவுதாமா?" என்று அண்ணன் கேட்டாராம். அதோடு சரி. தாய்மாமன் இல்லாமலே என் பிள்ளைக்குச் சீர் நடந்தது. எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய குறை என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அதனால்தான், வெண்ணந்தூரில் இருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ரோட்டோரத்தில் நாங்கள் ஒரு வீடு கட்டி முடித்தபோது, எனக்கு வீட்டைவிட ஒரு விஷயம்தான் பெரிதாக இருந்தது. பால் காய்ச்சும் அன்று அண்ணன் பிறந்த வீட்டுச் சீரோடு வந்து அந்தப் படியேற வேண்டும். இந்தத் தடவை நானே சங்ககிரிப் பக்கம் அவர் ஊருக்குப் போனேன், தட்டோடு வாசலில் நின்றேன். அண்ணி "உள்ள வா அம்மிணி" என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை, வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, "வாரேன். சீரோட வாரேன்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெண்ணந்தூர் வரைக்கும் அழுதேன்.

இனிமேல்தான் அந்தப் பொம்மை வருகிறது.

வண்ணம் அடித்து முடித்த அன்று மேஸ்திரி பழனி, "அக்கா, ஊடு பளிச்சுன்னு ஆயிருச்சு, ரோட்டுல போறவன் வாரவன் கண்ணெல்லாம் இதுமேலதான். கண்ணூறுக்கு ஒரு பூதப் படம் கட்டிருங்" என்றார். பூசணிக்காய் ஏற்கனவே தொங்கிக்கொண்டுதான் இருந்தது, இருந்தாலும் மேஸ்திரி சொன்னால் கேட்க வேண்டும் இல்லையா. ராசிபுரத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர். கடைக்காரர், "மீசை வெச்ச பூதம் இருந்துச்சுங்க்கா, பழைய கம்ப்யூட்டரோட போயிருச்சு. இதப் பாருங், நெட்டுல எடுத்தது, சும்மா மிரட்டும்" என்று ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் பானை போல ஓர் உருவம், கால் இல்லை, அடிப்பக்கம் புகையாகக் கரைந்து போயிருந்தது, நெற்றியில் ஒரே ஒரு பெரிய கண். எனக்குப் பிடிக்கவே இல்லை. நாக்கைத் தொங்கப்போட்ட பூதம்தான் வேண்டும் என்று சொல்ல வேண்டியதுதானே? பின்னால் நின்ற ஆள் தொண்டையைச் செருமினார், நான் "சரிங்க" என்று சொல்லிவிட்டேன். இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாமான் விற்கிறவனுக்குத் தான் விற்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டாமா?

மாடிச் சுவரில் ரோட்டைப் பார்த்துக் கட்டினோம். மறுநாளில் இருந்து ஆரம்பித்தது.

முதலில் கதவுக்காரர். பூட்டு மாட்ட வருகிறேன் என்றவர், வந்து தேடிவிட்டு வீடு கிடைக்கவில்லை என்று போய்விட்டாராம். வேலைக்கு வர மனமில்லாமல் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்து கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், அவரும் அதேதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டி, மஞ்சள் வண்ணம் அடித்துத் தனியாக நிற்கிற வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? நானும் மேஸ்திரியும் ஒன்றாக வந்த நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் நான் முன்னாலேயே வந்து வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன், மேஸ்திரி பின்னால் தனியாக மொபெட்டில் வந்தார். நேராக வீட்டைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். ரோட்டில் வண்டியை நிறுத்தி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தார். காலை பத்து மணி, நல்ல வெளிச்சம். எனக்கும் அவருக்கும் இருபது தப்படி தூரம்கூட இருக்காது. என் போன் அடித்தது.

"அக்கா, எங்கிருக்கறீங்?"

"இங்கதான் வாசல்ல நிக்கறனுங்களே. உங்களத்தான் பாத்துட்டிருக்கறேன்."

"வெளையாடாதீங்க்கா. நான் தண்ணித் தொட்டிகிட்ட நிக்கறேன். இங்க ஊடு எங்கீங் இருக்குது?"

அவர் என் கண்ணை நேராகப் பார்த்தபடிதான் இதைச் சொன்னார். நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். நான் ரோட்டில் கால் வைத்ததும் அவர் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார், பிறகு வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நேத்துக் கொஞ்சம் அதிகமாப் போச்சுங்க்கா" என்று தலையைச் சொறிந்தார். அதன் பிறகு அவர் குடிக்கிறாரோ இல்லையோ, என் வீட்டுக்கு மட்டும் தனியாக வந்ததே இல்லை.

பால் காய்ச்சுவதற்கு இரண்டு நாள் முன்னால் நந்தினி பரீட்சை முடித்து வந்தாள். படத்தைப் பார்த்தாளோ இல்லையோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா! இது கசுமோம்மா! திருஷ்டிக்குப் போய்க் கசுமோவைக் கட்டியிருக்கறியே!"

அது போனில் விளையாடும் ஒரு கேமாம். தெருத்தெருவாக நடந்துபோய், போனைக் காட்டி, நூற்றுக்கணக்கான விதவிதமான பிராணிகளைப் பிடித்துச் சேர்க்க வேண்டுமாம். அதில் பேய் வகை என்று தனியாக உண்டாம், அந்த வகையில் இது ஒன்று. போனில் அதைப் பற்றி எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். அடுத்தவர் பார்வைக்குக் கூசிக் கூசியே கரைந்து போன ஓர் உயிராம். எந்த வீட்டில் ஒண்டுகிறதோ, அந்த வீட்டை வெளியாள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்துக்கொள்ளுமாம். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாதாம்.

கதவுக்காரர், சிலிண்டர்காரர், மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னேன். "ஐயோ அம்மா, அது சும்மா கேமுக்காக எவனோ உட்கார்ந்து எழுதுனது" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். எதற்கும் கழற்றிவிடலாம் என்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "கண்ணூறுக்குக் கட்டுனதப் பால் காய்ச்சறதுக்கு முன்னால அவுக்கறதா? எவளாச்சும் செய்வாளா?" என்று அவர் அங்கிருந்து கத்தினார். அதுவும் சரிதான், எங்கள் வழக்கத்தில் கட்டின திருஷ்டியை விசேஷம் முடியாமல் அவிழ்ப்பதில்லை. விட்டுவிட்டேன். பாருங்கள், ஒரு கேம் பொம்மைக்கு எங்கள் வழக்கமே காவல் நின்றது.

வைகாசி மாதம், காலை ஆறில் இருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். வீட்டுக்காரர் முந்தின நாள் வந்துவிட்டார். வாடகை வீட்டில் இருந்து நாங்கள், ஐயர், பசுவும் கன்றும், பட்டறையில் இருந்து நாலைந்து பெண்கள், எல்லோரும் ஒன்றாகத்தான் கிளம்பிப் போனோம். ஹோமம் முடிந்தது. அடுப்பில் பாலை வைத்தாயிற்று. ஆறரை ஆகிறது, வெளியில் இருந்து வர வேண்டியவர்களில் ஓர் ஆள்கூட வரவில்லை. நூறு பேருக்கு அவித்துவைத்த இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர், "நீ ஒழுங்காக் கூப்புட்டயா, இல்ல இதுக்கும் ஆள்கிட்டக் குடுத்தனுப்பிச்சயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்போது நந்தினியின் போன் அடித்தது. அண்ணன்.

அவள் சத்தமாக வைத்தாள். "ஏங் கண்ணு, எங்கிருக்கறீங்க? தாண்டி லாரி எடைமேடை வரைக்கும் போயிட்டு மூணு தடவ திரும்பிட்டோம். தண்ணித் தொட்டி இருக்குது, அதுக்குப் பக்கத்துல வெறும் சோளக்காடு. ஊட்டக் காணோம்."

சோளக்காடு என்றதும் ஐயரே நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டைச் சுற்றி இருப்பது சுண்ணாம்புக்கல் பூமி. அதில் சோளம் என்ன, கோரைகூட முளைக்காது. அதுவும் வைகாசி வெயிலில்.

நான் வாசலுக்கு ஓடினேன். ரோட்டில் டெம்போ நிற்கிறது. பித்தளை அண்டா, குடம், குத்துவிளக்கு, பட்டுச்சேலை வைத்த தட்டு, எல்லாம் காலை வெயிலில் மின்னுகிறது. அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் கீழே இறங்கி நிற்கிறார், அண்ணி வண்டிக்குள் மடியில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். நான் படியில் நின்று, "அண்ணா!" என்று கூப்பிட்டேன். ஒன்பது வருடம் கழித்து அப்படிக் கூப்பிடுகிறேன், நாலு பேர் கேட்கக் கூப்பிடுகிறேன். அவர் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தார். இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் பார்வை என் மேல் பட்டு, அப்படியே வழுக்கிக்கொண்டு போனது.

பின்னாலேயே வந்த நந்தினி கையில் இருந்த போனில் அவர் குரல் கேட்டது. "ஏம்மிணி, உங்கம்மாகிட்டச் சொல்லு. அன்னைக்கு ஆள்கிட்டப் பத்திரிகை குடுத்து அவமானம் பண்ணுனா. இன்னைக்குச் சீரோட வரச்சொல்லிக் காட்டுல நிக்க வெச்சு வேடிக்கை பாக்கறாளா? ரொம்பச் சந்தோசம். நாங்க போறோம்."

வண்டிக்காரர் கதவைத் திறந்தார். அண்ணன் ஏறப் போனார்.

அந்த நேரத்தில் எனக்கு ஏன் ரோட்டுக்கு ஓடத் தோன்றவில்லை என்று இன்றும் தெரியவில்லை. எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. அண்ணன் மேல் இல்லை. நான் திரும்பி, மாடிச் சுவரில் தொங்கிய அந்தச் சாம்பல் பானையை அண்ணாந்து பார்த்து, பட்டறைப் பெண்கள், ஐயர், வீட்டுக்காரர், பசுமாடு எல்லாம் பார்க்கக் கத்தினேன்.

"ஏஞ் சாமி, உனக்குக் கூச்சமா இருந்தா உன்னோட வெச்சுக்க! என்ற ஊட்ட எதுக்கு மறைக்கற? நாங் கேட்டனா? என்ற கூச்சமே எனக்குப் போதும், உன்றதும் சேத்துச் சொமக்க முடியாது! எங்கண்ணன் சீரோட வந்து நிக்கறாரு, கண்ணத் தொறந்து பாரு! அவரு இன்னைக்குத் திரும்பிப் போனா இனி சென்மத்துக்கும் வரமாட்டாரு! உடு என்ற ஊட்ட! உடு!"

என் ஆயுசில் நான் யாரையும் அப்படித் திட்டியதில்லை. நந்தினி என் தோளைப் பிடித்தாள். படம் படமாகத்தான் தொங்கியது, காற்றுகூட இல்லை, கண் மூடவில்லை, சிரிக்கவில்லை, அப்படியெல்லாம் நான் கதை கட்ட மாட்டேன்.

ரோட்டில் இருந்து வண்டிக்காரர் குரல்தான் முதலில் கேட்டது. "அடக் கெரகமே! அண்ணா, இதா இருக்குதுங், மூக்குக்கு நேரா!"

அண்ணன் ஒரு காலை வண்டியில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை வீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என் மேல் நின்றது. சீர்த்தட்டைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினார். "ரோட்டோரத்துலயே கட்டிப்போட்டயா" என்றார். ஒன்பது வருடத்துக்கு அப்புறம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அதுதான். அதுவரை பாலைப் பொங்கவிடாமல் பட்டறைப் பெண் ஒருத்தி அடுப்பைத் தணித்து வைத்திருந்தாள். அண்ணன் நடுவீட்டில் நின்ற பிறகுதான் பால் பொங்கியது.

அடுத்த பத்து நிமிடத்தில் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் எடைமேடை வரை போய்த் திரும்பியவர்கள். "காலை வெயில் கண்ணில் அடித்திருக்கும்" என்று பட்டறை முதலாளி எனக்கு விளக்கம் சொன்னார். வீடு கிழக்குப் பார்த்தது, ரோட்டில் நிற்பவனுக்குச் சூரியன் முதுகுப் பக்கம் ஐயா, முதுகில் கண்ணா இருக்கிறது? அன்று சாயங்காலமே படத்தை அவிழ்த்து மேஸ்திரி கையால் கொளுத்தியாயிற்று. ராசிபுரத்துக் கடைக்காரரிடமும் போய்க் கேட்டேன், ஆமாம், நான்தான் போனேன், வரிசையில் ஆறு பேர் இருக்கும்போதே கேட்டேன். "எனக்கென்னங்க்கா தெரியும், இதுவரைக்கும் இருவது பேருக்கு மேல அடிச்சுக் குடுத்திருக்கறேன், ஒருத்தரும் கொறை சொல்லுல" என்றார். குறை இருக்கிறதா என்று கேட்க முதலில் அந்த இருபது வீட்டையும் கண்டுபிடிக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அண்ணன் மாதம் ஒரு தடவையாவது வருகிறார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ரொம்ப நாள் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போன மாதம் வந்தபோது நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். டீ கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மிணி, அன்னைக்கு நான் கோவிச்சுக்கிட்டது ஊடு தெரியலைங்கறதுக்காக இல்ல. நீ தெரிஞ்சே."

"எங்கீங்ணா?"

"சோளத்துக்குள்ள நின்னே. நீலப் பூப்போட்ட நைட்டி, தோள்ல ஈரத்துண்டு. இவ என்ன விசேசத்தன்னைக்குப் பட்டுக் கட்டாம இப்படி நிக்கறாள்னு நெனச்சேன். ரண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு, அழுதுக்கிட்டு, என்னையே பாத்துட்டு நின்னே. மூணு தடவ கூப்புட்டேன். நீ வரல."

நான் அன்று அரக்குப் பட்டுச்சேலை கட்டியிருந்தேன், எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அந்த நீலப்பூ நைட்டி என்னிடம் இருந்தது. கிழிந்து, கரித்துணியாகி, எப்போதோ போய்விட்டது. இதை நான் வீட்டுக்காரரிடமும் சொன்னதில்லை, நந்தினியிடமும் சொன்னதில்லை, இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன். நாங்கள் பேசாமல் இருந்த இரண்டாவது வருடம், ஒரு மத்தியானம், அண்ணன் வாடகை வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். நான் அப்போதுதான் தலைக்கு ஊற்றிவிட்டு அந்த நைட்டியோடு வந்திருந்தேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவர் "சரசு" என்று மூன்று தடவை கூப்பிட்டார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு திறப்பது என்று கூசி, கதவுக்கு இந்தப் பக்கம், சத்தம் வெளியே போகாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் போய்விட்டார்.

மரக்கதவு அது, ஓட்டை கிடையாது. அவர் பார்த்திருக்க முடியாது. என் உருவத்தை எடுத்துக்கொண்டு என் அண்ணன் முன்னால் போய் நிற்க அந்தக் கேம் பொம்மைக்கு என்ன உரிமை என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அது நான் இல்லைங்ணா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை கூப்பிட்டும் வராமல் நின்றது நான்தானே, அதை எப்படி இல்லை என்று சொல்வது?